ப்ளக்கைப் புடுங்கினது அந்தம்மா தப்பில்லீங்க

ரெண்டு நாளா எல்லா குரூப்லயும் சுத்துதே, அந்த வீடியோவைப் பத்தித்தான். மகன் பெங்களூர்ல, அம்மா தோட்டத்து வீட்டுல தனியா. அந்த வீட்டுக்கு ஒன்றரை லட்சத்துல ஸ்மார்ட் ஹோம் மாட்டியிருக்குது, அதாவது லைட்டு, கேமரா எல்லாம் ரவுட்டர் வழியா இன்டர்நெட்ல ஓடற ஏற்பாடு. படுக்கறதுக்கு முன்னாடி அவங்க ரவுட்டர் ப்ளக்கைப் புடுங்கி வெக்கறாங்க. "ஒன்றரை லட்சம் ஒரே இழுவையில போச்சு"ன்னு மேல எழுத்து, கூடவே சிரிக்கிற பொம்மை மூணு. ஊரே சிரிச்சு முடிச்சாச்சு.

தப்பு அதையெல்லாம் மாட்டினவன் மேல. அந்தம்மா மேல இல்ல.

மறுக்கா பாருங்க. ப்ளக்குல கை வைக்கறதுக்கு முன்னாடி ஜன்னலை ஒரு பார்வை பாக்கறாங்க. வெளியே மின்னுது. இடி மின்னல்னா ப்ளக்கைப் புடுங்கறது பழைய பழக்கம், சரியான பழக்கமும் கூட. தோட்டத்து லைன் வெட்டவெளியில கம்பம் கம்பமா வர்றது. சர்ஜ், அதாவது கரண்ட் திடீர்னு எகிறி வந்தா, அடாப்டர்தான் மொதப் பலி. இது தெரிஞ்சவன் ரவுட்டரை டிவி ஸ்டாண்டுல கைக்கெட்டற ப்ளக்குல வெப்பானா? வெக்க வேண்டிய முறை இது: டிபியில (மெயின் பெட்டி) இருந்து தனி எம்சிபி (தானா விழற சுவிட்ச்), சர்ஜ் தடுப்பான், பரண் மேல ரவுட்டர், கரண்ட் போனா ரெண்டு மூணு மணி நேரம் தாங்கற 12 வோல்ட் மினி யூபிஎஸ். எர்த் சரியில்லைன்னா அந்த சர்ஜ் தடுப்பான் திருஷ்டி பொம்மைதான், அதையும் பாத்துக்கணும். கரண்ட் பில்லுக்குப் பயந்துதான் புடுங்கறாங்கன்னு ஒருத்தர் கமெண்ட். 10 வாட் ரவுட்டர் ராப்பகலா ஓடினா மாசம் 7 யூனிட்டுங்க. அதை அவங்ககிட்ட யாராச்சும் உக்காந்து சொன்னாங்களா?

அப்புறம் இந்த ஸ்மார்ட் பல்பு, போன்லயோ அலெக்ஸாகிட்ட வாயில சொல்லியோ போடறது. சுவத்து சுவிட்சை அணைச்சா பல்புக்குக் கரண்ட்டே இல்ல, அலெக்ஸா தொண்டை கிழியக் கத்தினாலும் எரியாது. காலம் பூரா சுவரைத் தடவி லைட் போட்ட கை அணைக்கத்தான் செய்யும். அதனால மூளையை பல்புல வைக்கக் கூடாது, சுவிட்சுக்குப் பின்னாடி சின்ன ரிலேயா (போன்ல சொன்னா லைட்டைப் போட்டு அணைக்கற சின்னப் பெட்டி) வைக்கணும். போன்லயும் எரியும், சுவிட்சுலயும் எரியும். ஆனா அந்த ரிலேக்குப் பெரும்பாலும் ஃபேஸ் (கரண்ட் வர்ற கம்பி), நியூட்ரல் (திரும்பிப் போற கம்பி) ரெண்டும் வேணும். பழைய வீட்டு சுவிட்ச் பாக்ஸ்ல பெரும்பாலும் ஃபேஸ் மட்டும்தான் இருக்கும், நியூட்ரல் மேலயே நின்னுரும். அதைக் கீழ இழுக்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்குச் சோம்பல் பட்டுத்தான் பல்பை மாட்டிட்டுக் கம்பி நீட்டறாங்க.

"காலத்துக்கேத்த மாதிரி அவங்களும் கத்துக்கணும்"ங்கறீங்க. ஸ்மார்ட் ஹோம்ங்கற பேரு ஊருக்குள்ள வர்றதுக்கு முந்தியே, மொபைல் ஸ்டார்ட்டருக்குப் போன் போட்டு, கட்டில்ல இருந்தே மோட்டர் ஓட்டின சனங்க இவங்க. அது ஏன் நிலைச்சுது? ஸ்டார்ட்டர்ல பச்சை பட்டனும் பழையபடியே வேலை செஞ்சுது. அவ்வளவுதான் சூட்சுமம்.

காசு பத்திக் கேக்கறவங்களுக்கு: ஒன்றரை லட்சம் தேவையே இல்ல.

அவிநாசிப் பக்கம் ஒரு வீட்டுல கேஸ் லீக் அலாரம் விட்டத்தை ஒட்டி மாட்டியிருக்குது. சிலிண்டர் கேஸ் காத்தை விடக் கனம், தரையோட படரும். தரையில இருந்து ஒரு அடியில வைக்கணும். அதே வீட்டுக் குளியலறையில அவசர பட்டனோட கயிறு, பக்கெட்டுக்கு இடைஞ்சல்னு மேல சுருட்டிக் கட்டிக் கெடக்குது. லீவுக்கு வந்த மகன் கட்டினது. விழுந்து கெடக்கறவங்க கைக்கு எட்டணும்னா அது தரைக்கு நாலு விரக்கடை மேல வரைக்கும் தொங்கணும். அப்பாருக்கு வயசு எம்பத்தி ரெண்டு. எழுந்திரிச்சு நின்னு இழுக்க முடிஞ்சா அவரு எதுக்குங்க பட்டனை இழுக்கறாரு?

"பாதுகாப்புக்குத்தானே கேமரா"ங்கறீங்க. பல்லடம், சிவகிரிப் பக்கமெல்லாம் தோட்டத்து வீடுகள்ல கொலை நடந்ததுக்கப்புறம் அந்தப் பயம் நியாயம். வாசலுக்கு வைங்க, கட்டுத்தரைக்கு வைங்க. வீட்டுக்குள்ள, ஆசாரத்துல எதுக்கு? பால் கறக்க விடியால எந்திரிக்கறவங்க. சமையல்கட்டுல ஒரு மோஷன் சென்சார், பின்கதவுல ஒரு டோர் சென்சார். அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் ரெண்டும் அசையலைன்னா அலாரம், அதும் மொதல்ல பக்கத்துத் தோட்டத்துக்காரங்களுக்கு. பெங்களூர்ல இருந்து வண்டி எடுத்தா வந்து சேர மத்தியானம் ஆயிரும்.

உள்ள கேமரா இருந்ததாலதான் அந்த வீடியோவே வந்துச்சு. கலைஞ்ச தலையோட, நைட்டியோட, தூக்கக் கலக்கத்துல. பெத்தவளை ஊர் சிரிக்க விட ஒரு வார்த்தை கேட்டீங்களா சாமி?

சரி. நியூட்ரல் இருக்குதான்னு எங்கிட்ட கேக்கறவங்க சுவிட்ச் பாக்ஸைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்புங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டுத் திறங்க. அதை ஆத்தாகிட்டச் சொல்லிட்டு ஆஃப் பண்ணுங்க.