பாதிக் கணக்கு போடாதீர்கள்

"எல்லாத்துக்குமா லாப நஷ்டம் பார்ப்பே?" பொருளாதாரத்தை வைத்து எதையாவது பேச ஆரம்பித்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும், அதுவும் குடும்பம், கல்யாணம், உறுப்பு தானம் பக்கம் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். பழைய சண்டைதான் இது. குற்றம், திருமணம், குழந்தை பெற்றுக்கொள்வது என்று எல்லாவற்றையும் பொருளாதாரக் கண்ணாடி போட்டுப் பார்த்த கேரி பெக்கரைச் சக பொருளாதார நிபுணர்களே ரொம்ப காலம் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள், அப்புறம் 1992இல் அதற்கே நோபல் பரிசும் கொடுத்தார்கள்.

என் பதில்: ஆமாம், பார்ப்பேன். கணக்கே வேண்டாம் என்பவர்களோடு எனக்குப் பெரிய தகராறு இல்லை. பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு "பொருளாதாரப்படி இதுதான் சரி" என்று அடித்துப் பேசுகிறவர்கள்தான் பிரச்சினை. பணத்தில் தெரிவதை மட்டும் எண்ணி, மீதியைப் பூஜ்யம் என்று எழுதிவிடுவார்கள்.

வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ள மகளோ மருமகளோ வேலையை விடுகிறாள். (மகன் விட்டதாக அபூர்வமாகத்தான் கேள்விப்படுகிறோம்.) ஆள் வைத்தால் மாதம் இவ்வளவு ஆகும், இப்போது செலவே இல்லை என்பார்கள். அவளுடைய சம்பளம், பதவி உயர்வு, பின்னால் வரவேண்டிய ஓய்வூதியம் எல்லாம் போனது யார் கணக்கில்? ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடுகிற வேறொன்றின் மதிப்பும் செலவுதான். பாடப்புத்தகத்தில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். நாட்டுக் கணக்கிலும் இதே கூத்துதான். சம்பளத்துக்கு வந்த ஒருவர் அதே வேலையைச் செய்தால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேரும், மகள் செய்தால் சேராது. இங்கே இரக்கமில்லாமல் நடந்துகொள்வது கணக்குப் பார்க்கிறவரா, பார்க்க மறுக்கிறவரா?

இன்னொரு பாதிக் கணக்கு, "அபராதம் போடுங்க, தானா திருந்துவாங்க" என்பது. அபராதம் வேலை செய்யும் இடங்கள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் நடந்ததைப் பாருங்கள். குழந்தைகள் காப்பகங்களில் பெற்றோர் சிலர் பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வருவார்கள், அதுவரை ஆசிரியை ஒருவர் காத்துக்கிடக்க வேண்டும். பொருளாதார ஆய்வாளர்களான யூரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிக்கினியும் 10 காப்பகங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஆறில் மட்டும் தாமதத்துக்கு 10 ஷெக்கல் (இஸ்ரேல் நாணயம்) அபராதம் வைத்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது! அதுவரை "பாவம், அந்த டீச்சர் காத்திருப்பாரே" என்று ஓடிவந்தவர்களுக்கு இப்போது அது காசு கொடுத்து வாங்கும் சேவையாகிவிட்டது, அதுவும் மலிவான விலையில். சில வாரம் கழித்து அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. 2000இல் வெளியான ஆய்வு இது. பொருளாதாரம் தோற்றுவிட்டது என்று இதைச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை. சங்கடம் என்பதும் பெற்றோருக்கு ஒரு செலவாகத்தான் இருந்தது, 10 ஷெக்கலை வாங்கிக்கொண்டு காப்பகங்கள் அதைத் தள்ளுபடி செய்துவிட்டன, அவ்வளவுதான்.

முழுக் கணக்கு போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்தது சிறுநீரக விவகாரம். மனைவிக்குச் சிறுநீரகம் கொடுக்கக் கணவன் தயார், ஆனால் ரத்த வகை பொருந்தவில்லை. வேறெங்கோ இன்னொரு தம்பதிக்கும் அதே கதை. இவர் அவர் மனைவிக்கும் அவர் இவர் மனைவிக்கும் கொடுத்தால் இரண்டு உயிர் பிழைக்கும். காசு கைமாற வேண்டியதே இல்லை. இப்படிப் பொருத்தங்களைப் பெரிய அளவில் கண்டுபிடிக்கும் முறையைப் பொருளாதார நிபுணர் ஆல்வின் ராத்தும் உடன் உழைத்தவர்களும் 2000களில் அமெரிக்காவில் உருவாக்கினார்கள். 2012 நோபல் பரிசில் ராத்துக்கும் ஒரு பங்கு.

சரி, முதல் மனைவிக்குச் சிறுநீரகம் கிடைத்ததும் அவள் கணவன் "மாட்டேன்" என்று சொல்லிவிட்டால்? எந்தச் சட்டமும் ஒருவனைப் பிடித்துவைத்துச் சிறுநீரகத்தை எடுக்க முடியாது. அதனால் நான்கு அறுவை சிகிச்சைகளையும் ஒரே நேரத்தில் நடத்தினார்கள். அன்பால் வருகிற தானத்தில் இப்படிச் சந்தேகப்படலாமா என்றால், அந்தச் சந்தேகம்தான் இரண்டாவது தம்பதியைக் காப்பாற்றுகிறது. யாருக்கென்றே இல்லாமல் ஒருவர் தானாக முன்வந்து கொடுத்து, அதை வாங்கிய மனைவியின் கணவன் அடுத்த தம்பதிக்கு, அந்தக் கணவன் அதற்கடுத்த தம்பதிக்கு என்று ஒரு சங்கிலியைத் தொடங்கிவைத்தால் இந்தக் கெடுபிடியும் தேவையில்லை, ஏனென்றால் அங்கே முதலில் வாங்கிக்கொண்டு பிறகுதான் கொடுக்கிறார்கள், நடுவில் யாராவது கைவிரித்தாலும் காத்திருக்கும் தம்பதியின் சிறுநீரகம் அவர்களிடமேதான் இருக்கும், ஏமாற்றம்தான் மிச்சமே தவிர இழப்பு இல்லை. அப்படிக் கைவிரித்தவர்கள் மிகக் குறைவு என்பது தனிக் கதை.