வண்டி ஓட்டாதவர்களைக் கேட்டுவிட்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள்

நகரமா கிராமமா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. ஒருவர் நல்ல காற்று, அமைதி, மனிதருக்கு மனிதர் ஒட்டுறவு என்று அடுக்குவார். மற்றவர் வேலை, மருத்துவமனை, கல்லூரி என்று பதில் சொல்வார். இரண்டு பக்கமும் சொல்வதில் உண்மை உண்டு என்பதால் யாரும் தோற்பதில்லை, யாரும் மனம் மாறுவதும் இல்லை. ஆனால் இப்படி வாதிடுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் நடுவயதினர், உடம்புக்கு ஒன்றுமில்லாதவர்கள், சட்டைப்பையில் வண்டிச் சாவி வைத்திருப்பவர்கள். அப்படிப்பட்டவருக்கு எந்த ஊரும் சரிப்பட்டு வந்துவிடும். கிராமத்தில் இருந்தால் அவர் அரைமணி நேரத்தில் நகரத்துக்குப் போய்விடுவார். நகரத்தில் இருந்தால் வார இறுதியில் மலையடிவாரத்துக்குப் போய்விடுவார். அவருடைய அனுபவத்தை வைத்து ஓர் ஊரை எடைபோடுவது பயனற்ற வேலை. அதே வீட்டில் வண்டி ஓட்டாத சிலர் இருக்கிறார்கள்: பத்து வயதுப் பிள்ளை, பதினாறு வயதுப் பெண், கண்பார்வை மங்கிய பெரியவர், குடும்பத்தின் ஒரே வண்டியைக் கணவர் எடுத்துச் சென்றுவிட்டபின் வீட்டில் இருக்கும் மனைவி. இவர்கள் யாருடைய தயவும் இல்லாமல் தாங்களாகவே எவ்வளவு தூரம் போய் எதையெல்லாம் செய்துகொண்டு திரும்ப முடிகிறது என்பதை வைத்துத்தான் ஓர் ஊரை அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் கிராமம், நகரம் இரண்டைப் பற்றியும் நாம் சொல்லிக்கொள்ளும் பெருமைகளில் பாதி உதிர்ந்துவிடும்.

முதலில் நகரத்துக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1950-இல் உலக மக்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர்தான் நகரங்களில் இருந்தார்கள். 2007 வாக்கில் அது பாதியைத் தாண்டியது. 2018-இல் வெளியான ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீடு அப்போதைய அளவை 55 விழுக்காடு என்றும், 2050-இல் அது 68 விழுக்காட்டை எட்டும் என்றும் சொன்னது. இத்தனை கோடிப் பேரும் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்து போனவர்கள் என்று நினைப்பது அவர்களை அவமதிப்பதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழில் நகரங்கள் பலவற்றில் சுற்றுப்புறக் கிராமங்களைவிடச் சாவு மிகுதி. 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் ஒரு தெருக்குழாயின் தண்ணீரில்தான் காலரா பரவுகிறது என்று காட்டினார். 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் தாங்காமல் போன பிறகுதான் அந்த நகரத்துக்கு முறையான கழிவுநீர்க் கால்வாய்கள் கட்டும் வேலை வேகம் பிடித்தது. அதற்கு முன்பும் பின்பும் கிராமத்து மக்கள் அங்கே வந்துகொண்டேதான் இருந்தார்கள். கெட்டும் பட்டணம் சேர் என்று நம்மவர்கள் சொல்லிவைத்ததும் இந்தக் கணக்கை அறிந்துதான்.

கூலி ஒரு காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட நுட்பமான காரணம், நகரம் யாரையும் அடையாளம் கேட்பதில்லை என்பது. இடைக்கால ஜெர்மானிய நகரங்கள் பலவற்றில், பண்ணையடிமையாக இருந்த ஒருவர் ஓடிவந்து நகர எல்லைக்குள் ஓர் ஆண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் வாழ்ந்துவிட்டால், அவருடைய பழைய எசமானர் அவரை உரிமை கோர முடியாது என்ற வழக்கு இருந்தது. சட்டம் மாறிவிட்டாலும் அதன் உள்ளுயிர் இன்றும் நகரத்தில் இருக்கிறது. மணவிலக்குப் பெற்றுத் தனியாக வாழும் பெண், வீட்டாருக்குப் பிடிக்காத ஒருவரை மணந்துகொண்டவர், தந்தையின் கடனுக்காக ஊராரின் ஏச்சைக் கேட்டு வளர்ந்த மகன் போன்றவர்களுக்குக் கிராமத்தின் ‘எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள்’ என்ற புகழ்பெற்ற நெருக்கம் மூச்சை முட்டுகிற ஒன்று. அந்த நெருக்கத்தின் இனிமையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஊரில் மதிப்போடு இருந்த குடும்பங்களின் பிள்ளைகளாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எத்தனை பேர் நம்மைப் பார்க்கிறார்கள் என்பதோடு, பார்க்கிறவர்கள் நம்மை எங்கே வைத்துப் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்காமல் கிராமத்து உறவைப் புகழக் கூடாது.

வேலை தேடுவதற்கும் இதற்கும் தொடர்புண்டு. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பலர் புதிய வேலையைப் பற்றிக் கேள்விப்படுவது நெருங்கிய நண்பர்கள் வழியாக அன்றி, எப்போதோ ஒருமுறை பார்க்கிற அறிமுகக்காரர்கள் வழியாகத்தான் என்று காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம்தான் புதுச் செய்தி கொண்டுவரும். சொந்த வண்டியும் சொந்தச் செல்வாக்கும் இல்லாத இளைஞருக்கு நகரம் கொடுக்கும் பெரிய சொத்து இத்தகைய அரைகுறை அறிமுகங்கள்தான்.

ஆனால் அடையாளம் கேட்காத ஊர், காணாமல் போனாலும் கேட்காது. 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெப்ப அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பலர் முதியவர்கள். தனியாக, அடைத்த அறைகளுக்குள், யாரும் வந்து கதவைத் தட்டாமல் இறந்தவர்கள். எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளர் அந்தச் சாவுகளை ஆராய்ந்தபோது அடுத்தடுத்து இருந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். வட லான்டேல், தென் லான்டேல் இரண்டிலும் தனியாக வாழ்ந்த முதியவர்களின் அளவும் வறுமையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் வட லான்டேலின் இறப்பு விகிதம் ஏறக்குறையப் பத்து மடங்கு அதிகம். தென் லான்டேலின் தெருக்களில் கடைகள் திறந்திருந்தன, நடமாட்டம் இருந்தது, முதியவர்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து நிழலிலும் குளிர்ந்த கடைகளிலும் ஒதுங்கினார்கள். வட லான்டேலில் கடைகள் மூடப்பட்டு, மனைகள் வெறுமையாகி, தெருவில் இறங்கவே முதியவர்கள் அஞ்சினார்கள் என்பது அவர் தரும் விளக்கம். ஒரே மாநகரத்துக்குள், ஒரே வெயிலில், ஒரு தெருவின் உயிரோட்டம் இவ்வளவு வேறுபாட்டைச் செய்யுமானால், ‘நகர வாழ்க்கை’ என்று ஒரே பெயரில் எதைப் புகழ்கிறோம், எதை இகழ்கிறோம் என்று எனக்கு ஐயம் வருகிறது.

என் பெரியம்மாவின் கண் சொட்டு மருந்தைப் பற்றிச் சொன்னால் நான் சொல்ல வருவது இன்னும் தெளிவாகும். அவர் கிராமத்தில் இருந்தவரை அந்த மருந்து உள்ளூரில் கிடைக்காது. பேருந்து ஏறிப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும், பேருந்தோ காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆனாலும் மருந்து ஒருநாளும் தட்டிப்போனதில்லை. தீர்ந்துபோன குப்பியைத் திண்ணை ஓரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேருந்துக்குப் போகிற யாரோ ஒருவர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார், மாலையில் புதுக் குப்பி வந்துவிடும். கூடவே, அவருக்கு என்ன நோய், எந்த மகன் பணம் அனுப்புகிறான், எவன் அனுப்பவில்லை என்ற விவரமும் ஊர் முழுக்கப் போய்ச் சேரும். பிறகு மகன் வீட்டோடு மாநகரத்துக்கு வந்தார். மருந்துக்கடை மாடி முகப்பிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். இரவெல்லாம் அதன் பெயர்ப்பலகை ஒளிரும். நடுவில் ஒரு பெரிய சாலை. பாதசாரிகளுக்கான பச்சை விளக்கு எரிந்து அவர் நடுத்திட்டை எட்டுவதற்குள் சிவப்பாகிவிடும், இரண்டு பக்கமும் வண்டிகள் உறுமத் தொடங்கிவிடும். ஒருமுறை முயன்று பயந்து திரும்பியவர் பிறகு இறங்கவே இல்லை. மகன் வேலை முடிந்து வரும்வரை காத்திருப்பார். அவன் களைத்துப்போய் வருவதைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே இருந்துவிடுவார். பல கிலோமீட்டர் தொலைவில் இருந்தபோது கிடைத்த மருந்து, கூப்பிடு தூரத்தில் இருந்தபோது கிடைக்கவில்லை.

இது அவருடைய கால் வலியால் வந்த தனிப்பட்ட இடர் என்று ஒதுக்கிவிட முடியாது. சாலை கடக்கும் நேரத்தைக் கணக்கிடும்போது மனிதர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்வது பல நாடுகளில் வழக்கம். இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தோரிடம் அளந்தபோது ஆண்களின் சராசரி வேகம் நொடிக்கு 0.9 மீட்டராகவும், பெண்களுடையது 0.8 மீட்டராகவும் இருந்தது. அதாவது அந்த விளக்கு யாரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டதோ அந்த மனிதரில் முதியவர் இல்லை.

பிள்ளைகளிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பள்ளிகளில், 1971-இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் அப்படிப் போனவர்கள் 9 விழுக்காடுதான். பெற்றோரைக் கேட்டபோது அவர்கள் சொன்ன முதன்மையான அச்சம் வண்டிகளைப் பற்றியது. எல்லோரும் தத்தம் பிள்ளையை வண்டியில் கொண்டுபோய் விடத் தொடங்க, பள்ளி வாசலில் வண்டி பெருகி, நடந்துவரும் மிச்சப் பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடியது. கிராமம் இதில் உயர்ந்தது என்று சொல்ல ஆசைதான். சிறு வயதில் உண்மையிலேயே உயர்ந்தது. வரப்பும் குளக்கரையும் பிள்ளையின் கால்களுக்கு எட்டும் உலகம், யார் வீட்டில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாலும் யாராவது தூக்குவார்கள். பதினான்கு வயதைத் தாண்டும்போது அந்த உலகம் சட்டென்று சுருங்கிவிடுகிறது. நூலகம், விளையாட்டுப் பயிற்சி, தன்னைப் போல ஏதோ ஒன்றில் பித்துப் பிடித்த இன்னொரு பிள்ளை, எல்லாமே கடைசிப் பேருந்துக்கு அப்பால் இருக்கின்றன. பையன்களுக்காவது யாரோ ஒருவருடைய வண்டியின் பின்னிருக்கை கிடைக்கும். பெண் பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடுவாள்; அதை அடக்கம் என்று வேறு சொல்வார்கள்.

மருத்துவத்தைப் பற்றி அதிகம் வாதிட வேண்டியதில்லை. மூளையில் இரத்தக் கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்; அதற்குள் தலையை ஸ்கேன் செய்து பார்க்கவும் வேண்டும். நல்ல காற்று அதற்கு ஈடாகாது.

சுற்றுச்சூழலைப் பொறுத்தவரை நம் கண் நம்மை ஏமாற்றுகிறது என்றே நினைக்கிறேன். பச்சையாகத் தெரியும் இடத்தில் வாழ்வதெல்லாம் இயற்கைக்கு இசைந்த வாழ்வு ஆகிவிடாது. ஒரு நகரம் இரண்டு மடங்கு பெருகும்போது அதன் சாலையும் மின்கம்பியும் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறத்தாழ 80 விழுக்காடுதான் கூடுகின்றன என்று லூயிஸ் பெட்டென்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் முதலிய ஆய்வாளர்கள் 2007-இல் காட்டினார்கள். சுவரையும் பேருந்தையும் பகிர்ந்துகொண்டு வாழ்கிறவரைவிட, தோட்ட வீட்டில் இருந்துகொண்டு பால் வாங்கக்கூட வண்டியை எடுக்கிறவர் அதிகம் எரிக்கிறார். (நிலத்தில் உழைத்து வாழும் கிராமத்தாரை இதில் சேர்க்காதீர்கள், நான் சொல்வது அழகுக்காக அங்கே குடியேறியவர்களை.) இதே ஆய்வில் நகரம் பெருகப் பெருகத் தலைக்குரிய வருமானத்தோடு குற்றமும் கூடுவதாகத் தெரிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்யும் வசதி வந்ததும் இந்தச் சிக்கலே தீர்ந்துவிட்டது என்று சிலர் நம்பினார்கள். நகரத்துச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு கிராமத்து வாடகையைக் கொடுக்கிறவருக்குத் தீர்ந்திருக்கலாம். அவர் போன்றவர்கள் சேரச் சேர அந்த ஊரின் மனை விலை ஏறி, உள்ளூரிலேயே பிறந்த இளம் தம்பதியர் வீடு தேடி வெளியேறுகிறார்கள். அவர்கள் போனபின் பள்ளிக்கூடத்தில் பிள்ளை குறையும். பிள்ளை குறைந்தால் பேருந்தும் குறையும்.

என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துவது ஓய்வுக்காலக் கிராமக் கனவு. அறுபது வயதில் நகரத்து வீட்டை விற்றுவிட்டு, ஒதுக்குப்புறமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி, மரம் வைத்து அமைதியாக இருக்கப் போகிறேன் என்று சொல்லாத நண்பர்களை எண்ணிவிடலாம். அறுபதில் அது நல்ல வாழ்க்கைதான், பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் திட்டம் எண்பது வயதையும் சேர்த்துப் போடப்படுவதில்லை. எழுபத்தைந்தில் இரவு நேரத்தில் வண்டி ஓட்ட முடியாமல் போகும், பிறகு பகலிலும். துணை போய்ச்சேர்ந்துவிட்டால் தனிமை வேறு. அப்போது திரும்பி வரலாமென்றால் விற்ற வீட்டின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும். ஜப்பானில் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் 65 வயதைக் கடந்துவிட்ட ஊர்களைப் பற்றி 1990-களிலிருந்தே பேசிவருகிறார்கள்; அங்கெல்லாம் கடை மூடும், பேருந்துத் தடம் நிற்கும், பாதையைச் செப்பனிடவும் ஓடையைத் தூர்வாரவும் ஆளிருக்காது. அங்கே இருப்பவர்கள் ஊரை நேசிக்காதவர்கள் இல்லை.

எனவே நிலம் வாங்குவதற்கு முன் என்னிடம் கருத்துக் கேட்கும் நண்பர்களிடம் நான் மண்ணையும் தண்ணீரையும் பற்றிக் கேட்பதில்லை. அந்த ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, மழைக்காலத்தில் ஒரு மாதம் வண்டியைத் தொடாமல் இருந்து பாருங்கள் என்கிறேன். மருந்து வாங்குவது, பல் வலிக்கு மருத்துவரிடம் போவது, ஒரு மாலைப்பொழுதை வீட்டாரல்லாத யாரோடாவது பேசிக் கழிப்பது, இவற்றைக் காலாலும் பேருந்தாலும் மட்டும் செய்து பாருங்கள். நகரத்துக்குப் பெற்றோரை அழைத்துவர நினைப்பவர்களுக்கும் இதையே சற்று மாற்றிச் சொல்கிறேன்: அறைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன், அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் அந்த வீட்டின் எதிரே இருக்கும் சாலையை அவருடைய வேகத்தில் கடந்து பாருங்கள்.