மேல்மாவு நமத்துப்போவது எண்ணெயால் மட்டுமல்ல

மாவில் முக்கிப் பொரித்த மீனும் உருளைக்கிழங்குத் துண்டுகளும் (சிப்ஸ்) சேர்ந்த பிரிட்டிஷ் உணவு ஃபிஷ் அண்ட் சிப்ஸ். அதில் மேல்மாவு நமத்துப்போவதற்கு எண்ணெயைத்தான் குறை சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பெரும்பாலும் காரணம் மீனின் ஈரம். துணியால் நன்றாக ஒற்றி, வெறும் மைதாவில் புரட்டிய பிறகே மாவுக் கரைசலில் முக்க வேண்டும். இல்லாவிட்டால் சதைக்கும் மாவுக்கும் நடுவே கொழகொழவென்று ஒரு படலம் நின்றுவிடும். கரைசல் ஜில்லென்றும் எண்ணெய் 180 டிகிரியிலும் இருக்கட்டும். உருளைக்கிழங்கை 130-140 டிகிரியில் வேகவிட்டு எடுத்து, ஆறியதும் 190-ல் பொரிக்கலாம்.

வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் பக்கம் போனால் காட் மீன் வேண்டாம், ஹேடக் மீன் கேளுங்கள். ஆனால் அங்கே பல கடைகளில் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிப்பார்கள், சிப்ஸ் உட்பட. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஆர்டர் கொடுக்கும் முன்பே விசாரித்துவிடுவது நல்லது. பார்சல் என்றால் பெட்டியை இறுக மூடாதீர்கள், ஆவி தங்கி எல்லாம் தொய்ந்துவிடும். வினிகரைச் சாப்பிடும்போது தெளித்தால் போதும்.