ஆறு பவுண்டில் தொடங்கிய கம்பெனி

"குழந்தையை யாரு பாத்துக்குவாங்க?" இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு போன நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். எட்டு வருடம் புரோகிராம் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் இங்கிலாந்தில் மென்பொருள் கம்பெனி நடத்திய ஸ்டெஃபனி ஷெர்லியைப் பற்றி எழுதத் தோன்றியது.

நாஜிகளிடமிருந்து தப்பிக்க, 1939-இல் பெற்றோரைப் பிரிந்து அக்காவுடன் ரயிலேறி இங்கிலாந்து வந்தபோது அவருக்கு ஐந்து வயது. 1962-இல் ஆறு பவுண்டு முதலீட்டில் 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' என்ற மென்பொருள் கம்பெனியைத் தொடங்கினார். அலுவலகம், சாப்பாட்டு மேசைதான். கம்ப்யூட்டர் வாங்கினால் மென்பொருள் இலவசமாகவே வந்த காலம் அது. அதைத் தனியாக விற்கிறேன் என்றதும் பலர் சிரித்தார்கள். சொந்தப் பெயரில் போட்ட கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. கணவர் யோசனைப்படி 'ஸ்டீவ்' என்று ஆண் பெயரில் கையெழுத்திட்டார். அப்புறம்தான் கதவுகள் திறந்தன.

கல்யாணம், பிரசவம் என்று வேலையை விட்ட பெண்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள்! வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? தாளில் பென்சிலால் புரோகிராம் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். அது அட்டைகளில் துளையிடப்பட்டு, வேறெங்கோ இருக்கும் இயந்திரத்தில் ஓடும். வாடிக்கையாளரிடம் முடித்த வேலைக்குத்தான் விலை பேசினார், உட்கார்ந்திருந்த மணிக்கணக்குக்கு அல்ல. கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராம்கூட இப்படி வீடுகளிலிருந்து வந்ததுதான்.

இன்று வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கேட்டால், அதைச் சலுகை மாதிரித் தருகிறார்கள், திரும்பப் பிடுங்கிக்கொள்கிறார்கள். எனக்கு அதுதான் கோபம். 60 வருடங்களுக்கு முன்பே ஒரு பெண் அதையே தொழில்முறையாக வைத்து லாபம் பார்த்திருக்கிறார். லாபத்தைத் தனக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளவும் இல்லை. பங்குகளை ஊழியர்களுக்குக் கொடுத்ததில் 70 பேர் கோடீஸ்வரர் ஆனார்கள்.

அவருடைய ஒரே மகன் ஜைல்ஸுக்குக் கடுமையான ஆட்டிசம். அவனையும் பார்த்துக்கொண்டேதான் இத்தனையும் செய்தார். 2025 ஆகஸ்டில், 91 வயதில் இறந்தார்.

ஒரு விஷயம் மட்டும் என் மனதை விட்டுப் போகவே இல்லை. வாடிக்கையாளர் போனில் பேசும்போது, பின்னணியில் குழந்தை அழும் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று, டைப்ரைட்டர் தட்டும் சத்தத்தைப் பதிவு செய்து ஓட விடுவாராம். நேர்காணலில் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, "எங்க அம்மா பாத்துக்குவாங்க சார்" என்று அவசரமாகச் சொன்னேன். அம்மா ஊரில் இருந்தார்.