விலை ஏறினாலே அநியாயம் ஆகிவிடாது

"விலையை ஏற்றினாலே வாடிக்கையாளர் அநியாயம் என்றுதான் சொல்வார்" என்று சிலர் எழுதுவது சரியில்லை. ஏன் ஏற்றினார்கள் என்பதைத்தான் மக்கள் பார்க்கிறார்கள். கானெமன், நெட்ச், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி: பெரிய பனிப்புயலுக்கு மறுநாள் காலையில், 15 டாலருக்கு விற்ற, பனியை அள்ளும் பனிவாரியைக் கடைக்காரர் 20 டாலராக்குகிறார். 82 சதவீதம் பேர் இதை அநியாயம் என்றார்கள். ஆனால் கொள்முதல் விலை கூடிய அளவுக்கு மட்டும் லெட்டூஸ் கீரையின் விலையை ஏற்றியவரைப் பெரும்பாலானோர் குறை சொல்லவில்லை.

அப்புறம், விலையைச் சொல்லும் விதமும் முக்கியம். "கார்டுக்குக் கூடுதல் கட்டணம்" என்றால் சுருக்கென்று தைக்கும். "ரொக்கத்துக்குத் தள்ளுபடி" என்றால் அவ்வளவாகத் தைக்காது. இரண்டிலும் கையிலிருந்து போகும் தொகை ஒன்றாகவே இருக்கலாம். வாடிக்கையாளருக்கு நியாயமே புரியாது என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள்.