டெலிட் செய்தால் தீர்ந்துவிடுமா?
"தேர்வு முடியும் வரை எல்லா ஆப்பையும் நீக்கிவிடுங்கள்" என்று, மாணவர்கள் போனில் மூழ்கிக் கிடப்பது பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சொல்வது சுலபம் சார். எங்கள் வகுப்பு குரூப்பே வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது. லேப் நேரம் மாறினால் அங்கே பார்த்தால்தான் தெரியும். போன செமஸ்டரில் இன்ஸ்டாகிராமை மட்டும் நீக்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு யூடியூப் ஷார்ட்ஸில் யாரோ பரோட்டா வீசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்! மறுநாள் மாடல் எக்ஸாமில் கண் எரிச்சலோடு உட்கார்ந்ததுதான் மிச்சம்.

எனக்குக் கைகொடுத்தது ஓர் அலாரம் கடிகாரம். அலாரம் வைக்கிற சாக்கில்தானே போன் தலையணைக்கு அடியில் வருகிறது? இப்போது ஹாஸ்டல் அறையின் மறுகோடியில், அலமாரி மேல் சார்ஜ் ஏறுகிறது. எழுந்து போய் எடுக்கச் சோம்பேறித்தனம், தூங்கிவிடுகிறேன். திரையைக் கருப்பு வெள்ளையாக மாற்றியதும் ரீல்ஸ் பழைய தூர்தர்ஷன் மாதிரி ஆகிவிட்டது.

முடிவே இல்லாமல் உருண்டுகொண்டிருக்கும் இந்தத் திரையை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பின்னாளில் வருத்தப்பட்டிருக்கிறார். எங்களுக்கு மன உறுதி இல்லை என்று மட்டும் திட்டாதீர்கள்.

ராத்திரி 11 மணிக்கு குரூப்பில் அசைன்மென்ட் போடுகிற ஆசிரியர்களுக்கும் ஒரு கட்டுரை எழுதுங்களேன்.