ஒரே பொடியன், இரண்டு கணக்கு

மூன்று மாதமாக இரவு பத்து மணிக்குப் பிறகு, திருத்த வேண்டிய கொப்பிகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு தொடர் பார்த்தேன். ‘த வயர்’. அமெரிக்காவின் பால்ரிமோர் நகரத்துப் பொலிசும் அங்கே போதைப்பொருள் விற்கிறவர்களும் பற்றியது. 2002 முதல் 2008 வரை எச்.பி.ஓ.வில் போனது. ஐந்து சீசன், 60 எபிசோட். யாழ்ப்பாணத்தில் பிள்ளை வளர்க்கிறவர்களும் படிப்பிக்கிறவர்களும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஏன் என்று எழுதத்தான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும். கதையின் முடிவுகளும் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதல் எபிசோட்டை இரண்டு தடவை பார்த்தேன். சப்டைட்டில் போட்டும் அந்த ஊர்ப் பேச்சு பிடிபடவில்லை. மூன்றாவது எபிசோட்டில் ஒரு காட்சி. தெருவில் சரக்கு விற்கிற இரண்டு பொடியள் செஸ் காய்களை வைத்துக்கொண்டு வேறொரு விளையாட்டு விளையாடுகிறார்கள். அவர்களுக்கு மேலே இருக்கிற டிஆஞ்சலோ வந்து செஸ் சொல்லிக் கொடுக்கிறான். ராசா எப்போதும் ராசாதான், சிப்பாய்கள் கெதியாக வெட்டுப்பட்டுப் போவார்கள் என்கிறான். சிப்பாய் மற்றப் பக்கம் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதில்தான் போடி என்கிற பொடியனுக்கு அக்கறை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

உருவாக்கிய டேவிட் சைமன், ‘பால்ரிமோர் சண்’ பத்திரிகையில் பல வருடம் பொலிஸ் செய்தி எழுதியவர். கூட எழுதிய எட் பேர்ன்ஸ் அதே நகரத்தில் கொலை விசாரணைப் பிரிவில் வேலை செய்து, ஓய்வு பெற்று, பிறகு அங்கேயே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். பொலிஸ் கந்தோரும் வகுப்பறையும் இவ்வளவு உண்மையாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

நான் கணித ரீச்சர். அதனால் என் கண் பிரெஸ் என்கிற இளம் பொலிஸ்காரன் மீதுதான் போனது. முதல் சீசனில் விற்பனைக்காரர்கள் பேஜரில் அனுப்புகிற இலக்கங்களைப் பொலிசால் புரிந்துகொள்ள முடியாது. பிரெஸ்தான் கண்டுபிடிப்பான். தொலைபேசிப் பலகையின் நடுவில் இருக்கிற 5-ஐத் தாண்டி எதிர்ப்பக்கம் பாய வேண்டும்: 1 என்றால் 9, 2 என்றால் 8, 3 என்றால் 7. ஐந்தும் சைபரும் இடம் மாறும். தாள் எடுத்து நானும் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. பள்ளிக்கூடத்தை அரைகுறையாக விட்ட பொடியள் வைத்திருக்கிற முறை இது. என்ன அழகான மூளை, எங்கே போய்ச் செலவாகிறது!

இரண்டாவது சீசன் துறைமுகம். வேலை குறைந்துகொண்டே போகிற தொழிலாளர்களின் சங்கப் பொருளாளர், துறைமுகத்தைக் காப்பாற்றக் கடத்தல்காரரிடம் காசு வாங்குவார். வலையை இழுவைப் படகுகளுக்குப் பறிகொடுத்துவிட்டுக் கரையில் இருக்கிறவர்கள் உள்ள ஊரில், கேரள கஞ்சா கரையேறுகிற செய்தியை வாசிக்கிற எவருக்கும் அந்தக் கதை விளங்கும்.

இனி எங்கள் ஊர்க் கதை. ஐஸ், குடு, மாவா என்கிற போதைப்பொருள்கள் பற்றிக் கதை எழும்பினால் எங்கள் வீடுகளில் முதல் வசனம், “இது வேணுமெண்டு விட்டது, எங்கட பெடியளை அழிக்க” என்பதுதான். அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. இவ்வளவு சோதனைச் சாவடியும் கடற்படையும் உள்ள இடத்தில் சரக்கு எப்படி வருகிறது என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்தத் தொடரிலும் லெஸ்ரர் என்கிற விசாரணையாளர், போதைப்பொருளின் பின்னால் போனால் விற்கிறவனும் பாவிக்கிறவனும் கிடைப்பான், காசின் பின்னால் போனால் எங்கே போய் நிற்பாய் என்று சொல்லவே முடியாது என்கிற கருத்தில் பேசுவார். காசு அரசியல்வாதியின் பக்கம் போனவுடன் மேலிடம் விசாரணையை அமுக்கும். சரி. ஆனால் விட்டவன் யாராக இருந்தாலும், அதை வாங்கக் கை நீட்டினவன் எங்கள் வகுப்பில் இருந்தவன். அந்தக் கை ஏன் நீண்டது என்று நாங்கள் கேட்பதேயில்லை.

அதைக் கேட்பது நான்காவது சீசன். பிரெஸ் பொலிசை விட்டுப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்க வருகிறான். தாயக்கட்டை உருட்டி நிகழ்தகவு சொல்லிக் கொடுக்கிறான். அவன் வகுப்பில் டூக்கி என்றொரு பொடியன். வீட்டில் உள்ளவர்கள் போதைக்கு அடிமை, அவனுடைய உடுப்பையும் விற்றுவிடுவார்கள். பிரெஸ் அவனுக்குச் சாப்பாடு வைப்பான், மாற்றுடுப்புக் கொடுப்பான், பள்ளிக்கூடத்திலேயே குளிக்க ஏற்பாடு செய்வான். டூக்கி வகுப்பில் மினுங்கத் தொடங்குகிற நேரம் பார்த்து, நிர்வாகம் வருட நடுவில் அவனை மேல் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிடும். அவன் அந்தப் பெரிய கட்டடத்தின் முன்னால் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான். கொஞ்ச நாளில் தெருமூலையில் நிற்பான்.

அந்தக் காட்சியில் தொடரை நிறுத்திவிட்டு முற்றத்தில் போய் இருந்தேன்.

என்னிடம் ரியூசன் படித்த ஒரு பொடியன். தரம் 10 வரை வந்தான். கேத்திர கணிதம் நல்லாச் செய்வான், அட்சர கணிதம் ஓடாது. கோடு போடும்போது நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, அடிமட்டத்தை இடது கையின் மூன்று விரலால் அமத்திப் பிடிப்பான். சாதாரண தரப் பரீட்சை எடுக்கிற தரம் 11 தொடங்க முன்னர் பள்ளிக்கூடத்தில் தாயைக் கூப்பிட்டு, “இவர் சோதினை எடுத்தால் எங்கட வீதம் குறையும், விடுகைப் பத்திரம் எடுங்கோ, வேற இடத்தில சேருங்கோ” என்று சொல்லியிருக்கிறார்கள். வாயால்தான், எழுத்தில் ஒன்றும் இல்லை. வேறு இடம் கிடைக்கவில்லை. 16 வயது வரை பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று சட்டம் இருக்கிற நாடு இது. அடுத்த வருடம் அந்த வாசலில் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகளின் படத்தோடு பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். என் வகுப்புக்கும் அவன் வருவது நின்றது. நான் மூன்று கிழமை பார்த்துவிட்டு, இடாப்பில் அவன் பெயருக்கு மேல் சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். அந்தக் கோடு என்னுடையது.

2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரில் நாடு முழுக்கப் பொலிஸ் நடவடிக்கை தொடங்கியது ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு நாளும் இத்தனை பேர் கைது என்று செய்தியில் எண்ணிக்கை வந்தது. அப்படி எண்ணிக்கை வந்துகொண்டிருந்த நாளொன்றில் இவனும் பிடிபட்டான். மில்லிகிராம் கணக்கில்தான் வைத்திருந்தான். விளக்கமறியல்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு பொடியன் வெளியே போனதால் பள்ளிக்கூடத்தின் சித்தி வீதம் கூடியது. அதே பொடியன் உள்ளே போனதால் பொலிசின் கைது எண்ணிக்கை கூடியது. இரண்டு இடத்திலும் கணக்கு நல்லாயிருக்கிறது. பொடியன் மட்டும் இல்லாமல் போனான். பிரெஸ் ஆசிரியர் கூட்டத்தில் இருந்துகொண்டு, சோதினைப் புள்ளிக்காக மட்டும் படிப்பிக்கச் சொல்வதைக் கேட்டவுடன், இது பொலிசில் நடந்த அதே வேலை என்று பிடித்துவிடுவான். அங்கே கொள்ளையைச் சின்னத் திருட்டாகப் பதிந்து குற்றம் குறைந்ததாகக் காட்டுவார்கள், அதிகாரிக்குப் பதவி உயரும். அவனுக்கு விளங்கியது எனக்கு இத்தனை வருடம் விளங்கவில்லை.

2022 இல் சட்டத்தைத் திருத்தி, 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை வரை போகலாம் என்று கொண்டுவந்தார்கள். தண்டனை கூடினால் பயம் வரும் என்று என்னோடு படிப்பிக்கிறவர்களே சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த 60 எபிசோட்டிலும் ஆட்கள் சாகிறார்கள், மறியலுக்குப் போகிறார்கள், தெருமூலை ஒரு நாளும் வெறுமையாக இருப்பதில்லை. அடுத்தவன் வந்து நிற்கிறான். வாற வருடம் நிற்கப் போகிறவன் இப்போது எங்காவது தரம் 9 இல் கடைசி வாங்கில் இருக்கிறான்.

போன மாதம் அவனுடைய தாயைப் பார்க்கப் போனேன். அவன் வெளியே வந்துவிட்டான், ஆனால் வீட்டில் நிற்பது குறைவு. சிகிச்சை பற்றிக் கதைக்கும்போது “புனர்வாழ்வு” என்று என் வாயில் வந்துவிட்டது. அவர் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “என்ர தம்பியையும் 2009 இல சண்டை முடிய அப்பிடிச் சொல்லித்தான் கொண்டு போனவை, ரீச்சர்.” அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் கதைக்கவில்லை. போதைக்கு அடிமையானவர்களை அனுப்புகிற கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்தைப் பற்றிப் பத்திரிகையில் வாசிக்கிற எங்கள் தாய்மாருக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று கொழும்பில் யாராவது யோசித்திருப்பார்களா?

சாதாரண தரத்தை வெளியில் இருந்தும் எடுக்கலாம், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக. விண்ணப்பம் கோரும்போது நானே நிரப்பித் தருகிறேன், காசு எதுவும் வேண்டாம் என்று சொன்னேன். படலை வரைக்கும் கூட வந்தவர், “அவன் வருவானோ ரீச்சர்?” என்று கேட்டார்.

செவ்வாயும் வியாழனும் பின்னேரம் ஐந்தரைக்கு வகுப்பு, அடிமட்டம் கொண்டுவரச் சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன்.